வேகமாக வீசும் குவாட்டர்பேக்கின் பந்தை ரிசீவர்கள் ஏன் தவறவிடுகிறார்கள்?

பனிக்கரையான்:

அனைவருக்கும் வணக்கம். விஸ்கான்சினுக்குக் குடிவந்த பின்னர்தான் அமெரிக்கக் கால்பந்தை முறையாகப் பார்க்கத் தொடங்கினேன். இந்த ஊரில் குவாட்டர்பேக் (அணிக்காகப் பந்தை வீசுபவர்) பிரெட் ஃபார்வின் பெயர் அடிபடாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிவதில்லை. 1992 முதல் 2007 வரை கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்கு ஆடிய அவருடைய வீச்சை வாங்கி விரல் பிசகியவர்களின் கதைகளை என் அலுவலகத்துப் பெரியவர்கள் இன்றும் அலுக்காமல் சொல்கிறார்கள். டென்வர் பிராங்கோஸ் அணியின் குவாட்டர்பேக் ஜான் எல்வேயைப் பற்றிய கதை அதைவிடப் புகழ்பெற்றது. பந்தின் கூர்முனையில் தையல்கள் கூடும் இடம் ரிசீவரின், அதாவது வீச்சைப் பிடிப்பவரின், மார்பில் மோதிச் சிலுவை போன்ற தடத்தைப் பதித்துவிடுமாம். அதற்கு ‘எல்வே சிலுவை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

என் ஐயம் இதுதான். ரிசீவர்கள் எல்லாரும் பிடிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். பசைபோல ஒட்டும் கையுறை அணிந்திருக்கிறார்கள். பயிற்சியில் அன்றாடம் நூற்றுக்கணக்கான பந்துகளைப் பிடிக்கிறார்கள். கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நிற்பவர் இதைவிட வேகமாக வரும் சிறிய, கடினமான பந்தை வெறுங்கையால் பிடித்துவிடுகிறார். அப்படியிருக்க, வீச்சு சற்றுக் கடுமையானவுடன் நெஞ்சுக்கு நேரே வந்த பந்துகூட இவர்கள் கையில் பட்டுத் தெறித்துப் போவது ஏன்? வலிக்கும் என்ற அச்சமா, பந்தின் சுழற்சியா, அல்லது வர்ணனையாளர்கள் ரிசீவருக்காகச் சொல்லும் சமாதானம்தானா?

அளவுகோல்:

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் பாதி விடை அதிலேயே இருக்கிறது. என்எஃப்எல் என்னும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் பந்து எடை 14 முதல் 15 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 400 முதல் 425 கிராம். நீளம் 11 அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது 28 சென்டிமீட்டர். 2018ஆம் ஆண்டு வீரர் தேர்வுக்கு முந்தைய சோதனை முகாமில் குவாட்டர்பேக் ஜாஷ் ஆலனின் வீச்சு மணிக்கு 62 மைல் என்று பதிவானது. நம் கணக்கில் அது மணிக்கு 100 கிலோமீட்டர். மிதமாக வீசப்படும் பந்து மணிக்கு 80 கிலோமீட்டரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் கால் பங்குதான் கூடியிருக்கிறது. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடுவதால், கை உள்வாங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது.

இதைவிட முக்கியமானது, பந்து கைக்குள் இருக்கும் நேரம். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் பந்து தன் முழு நீளத்தையும் கடக்க எடுத்துக்கொள்வது ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்குதான். தோலில் பந்து பட்டதை மூளை உணர்ந்து, விரல்களை மூடச் சொல்லி, தசைகள் அதைச் செய்து முடிப்பதற்கு அதைப்போல் பல மடங்கு நேரம் தேவை. எனவே பந்து பட்ட பிறகு பிடிப்பது என்பதே நடக்காத காரியம். அது வந்து சேரும் கணத்தை முன்கூட்டியே கணித்து, விரல்கள் மூடத் தொடங்கியிருக்க வேண்டும். கணிப்பு சற்றுப் பிந்தினால் பந்து உள்ளங்கையில் மோதித் தெறிக்கும். முந்தினால் விரல் நுனியில் அடிபடும். விரல் பிசகுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான்.

சுழற்சியைக் கேட்டிருந்தீர்கள். ஒழுங்கான ஸ்பைரல், அதாவது தன் நீள அச்சில் சுழன்றபடி செல்லும் வீச்சு, நொடிக்குப் பத்துச் சுற்று அளவில் சுழலும். அது பந்தை நிலையாகப் பறக்க வைப்பதால் பிடிப்பவருக்கு உதவியே தவிர இடையூறு அன்று. மெதுவாக, தள்ளாடிக்கொண்டு வரும் பந்தைவிட வேகமாக நேரே வரும் ஸ்பைரலைக் கணிப்பது எளிது. இடக்கை ஆட்டக்காரர் வீசும்போது சுழற்சி எதிர்ப்பக்கமாக மாறுவதால், பழகும்வரை சற்றுத் தடுமாற்றம் இருக்கும். ரிசீவர் ஜெர்ரி ரைஸ் வலக்கையரான ஜோ மான்டானாவிடமிருந்து இடக்கையரான ஸ்டீவ் யங்குக்கு மாறியும் பந்துகளைப் பிடித்துக் குவித்துக்கொண்டேதான் இருந்தார் என்பதால், அதைப் பெரிய காரணமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மைதானவாசி:

கொலராடோவில் உயர்நிலைப் பள்ளி அணியொன்றில் ரிசீவர்களுக்குப் பயிற்சியளிக்கும் உதவியாளன் நான். மேலே நண்பர் எழுதிய கணக்கை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் வேகத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் விடை கிடைக்காது. ஜக்ஸ் என்னும் பந்து வீசும் இயந்திரத்தின் முன் நிறுத்தி, எந்தக் குவாட்டர்பேக்கும் வீசாத கடுமையில் பந்தை அனுப்பினாலும் நல்ல ரிசீவர் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துக்கொண்டே இருப்பார். அதே ஆள் ஆட்டத்தில் அதைவிட மெதுவான பந்தைத் தவறவிடுவார். இயந்திரத்தின் முன் நிற்கும்போது பந்து எங்கிருந்து, எப்போது, எந்த உயரத்தில் வரும் என்பது அவருக்குத் தெரியும். நீங்கள் சொன்ன ஸ்லிப் ஆட்டக்காரரும் அப்படித்தான். அசையாமல் நின்று, பந்து வீசப்படும் கணத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். ரிசீவரோ முழு வேகத்தில் ஓடுகிறார், பெரும்பாலான நேரம் முதுகைக் காட்டியபடி. அவர் தலையைத் திருப்பும்போது பந்து ஏற்கெனவே பாதி வழி வந்திருக்கும்.

ஸ்லான்ட் என்னும் குறுக்கு ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிசீவர் நேரே மூன்று எட்டு வைத்து, வெட்டித் திரும்பி, உள்நோக்கிச் சாய்வாக ஓடுகிறார். குவாட்டர்பேக்குக்கும் அவருக்கும் இடையே பந்து பறக்க வேண்டிய தூரம் ஏறத்தாழ 12 யார்டு, அதாவது 11 மீட்டர். மிதமான வீச்சு அதைக் கடக்க அரை நொடி ஆகும். கடுமையான வீச்சுக்கு 0.4 நொடி போதும். அந்த 0.4 நொடிக்குள்தான் அவர் தலையைத் திருப்பி, தடுப்பாளர்களின் கைகளுக்கும் தலைக்கவசங்களுக்கும் இடையிலிருந்து வெளிப்படும் பந்தைக் கண்டுபிடித்து, கையைச் சரியான இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவர் பந்தை எதிர்த்து ஓடிவருகிறாரா, பந்தோடு விலகி ஓடுகிறாரா என்பதும் கணக்கில் சேரும். நேரே முன்னோக்கிப் பறந்து செல்லும் கோ ரூட்டில் ரிசீவரும் பந்தும் ஒரே திசையில் போவதால் கையில் வந்து விழும்போது பந்து பூப்போல இருக்கும். ஓடிப்போய் நின்று குவாட்டர்பேக்கை நோக்கித் திரும்பி வரும் கர்லில் ரிசீவரின் வேகமும் பந்தின் வேகத்தோடு கூடிவிடுகிறது. கடுமையான வீச்சாளரின் பந்துகளை ரிசீவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் ஸ்லான்ட், கர்ல், ஸ்கிரீன் பாஸ் (தடுப்பு வீரர்களுக்குப் பின்னே நிற்பவருக்குத் தரும் வீச்சு) ஆகிய குறுந்தூர வீச்சுகளில் நிகழ்வதைக் கவனித்தால் உங்களுக்கே தெரியும்.

இனி, யாரும் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். கைவலு மிகுந்த குவாட்டர்பேக்கிடம் இயல்பாகவே ஒரு கெட்ட பழக்கம் வந்து ஒட்டிக்கொள்கிறது. வலுக் குறைந்தவர் ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்தை விட்டாக வேண்டும், இல்லையென்றால் தடுப்பாளர் வந்துவிடுவார். வலு மிகுந்தவருக்கு அந்தக் கட்டாயமில்லை. ரிசீவர் தனியாக நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, பிந்தியதை வேகத்தால் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று விடுகிறார். பந்து உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்பது உண்மைதான், ஆனால் ரிசீவருக்கு அதைப் பார்க்கக் கிடைத்த நேரம் சுருங்கிவிடுகிறது. தடுப்பாளரும் இடிக்கும் தூரத்துக்கு வந்துவிடுகிறார். இடி விழப்போகிறது என்று உடல் அறிந்தவுடன் தோள் இறுகுகிறது, முழங்கை விறைக்கிறது, விறைத்த கையில் பட்ட பந்து தெறிக்கிறது. பார்ப்பவர்கள் ‘பந்து வேகமாக வந்தது’ என்கிறார்கள். என் பார்வையில் அது பிந்தி வந்த பந்து.

பிடிக்கும் முறையிலும் நேர்த்தி தேவைப்படுகிறது. மார்புக்கு மேல் வரும் பந்துக்குக் கட்டைவிரல்களும் சுட்டுவிரல்களும் கூடி முக்கோணம்போல் நிற்க, பந்தின் முன்பாதி அந்த இடைவெளியில் நுழைய வேண்டும். இடுப்புக்குக் கீழ் வந்தால் சுண்டுவிரல்கள் கூட வேண்டும். இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே வரும் பந்துதான் தொல்லை, ஏனெனில் கையை எப்படி வைப்பது என்று கணநேரம் மயக்கம் வரும். மெதுவான பந்தில் அந்த மயக்கத்துக்கு இடமுண்டு, வேகமான பந்தில் கிடையாது. நெஞ்சுக்கு நேரே வந்தும் நழுவியது ஏன் என்று கேட்டீர்களே, அதற்கும் இதுவே விடை. கையை முன்னே நீட்டிப் பிடிப்பவருக்கு, பந்து பட்டவுடன் முழங்கையை மடக்கிப் பின்வாங்க இடம் இருக்கிறது. மார்போடு அணைத்துப் பிடிக்க முயல்பவருக்கு அந்த இடம் இல்லை. மார்புக் கவசத்தில் மோதிய பந்து எழும்பிப் போய்விடும். அப்படி எழும்பியது எதிரணிக்காரர் கைக்குப் போவதும் நடக்கிறது, பதிவேட்டில் அந்த இன்டர்செப்ஷன் குவாட்டர்பேக்கின் பெயரில்தான் ஏறும்.

ஞாயிறு ஆட்டம்:

மைதானவாசி ஐயாவின் விளக்கம் நன்று. இருந்தாலும், கடுமையாக வீசுபவர் என்றாலே ரிசீவர்கள் தவறவிடுவார்கள் என்ற முன்முடிவையே நான் கேள்வி கேட்கிறேன். ஃபார்வின் இளமைக்கால வீச்சை, அதாவது அது மிகக் கடுமையாக இருந்த பருவங்களில், ஸ்டெர்லிங் ஷார்ப் 1992இல் 108 முறையும் 1993இல் 112 முறையும் பிடித்தார்; அன்றைக்கு இரண்டுமே லீக் சாதனைகள். ஆலனை எடுத்துக்கொண்டால், 2018இல் அவருடைய வீச்சுகளில் 52.8 விழுக்காடுதான் நிறைவேறின. 2020இல் அது 69.2 விழுக்காடாக உயர்ந்தது. கை தளர்ந்துபோய் அந்த உயர்வு வரவில்லை. அந்த ஆண்டு வந்து சேர்ந்த ஸ்டெஃபான் டிக்ஸ் லீக்கிலேயே அதிகமாக 127 பந்துகளைப் பிடித்தார். குறுந்தூரத்தில் வேகத்தைக் குறைத்து வீச ஆலன் கற்றுக்கொண்டதும் ஒரு காரணம் என்றே ஆட்டத்தைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுகிறது.

மறுபக்கமும் உண்டு. 2023 பருவத்தில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் ரிசீவர்கள் தவறவிட்ட பந்துகள் ஊர்ப்பேச்சாயின. செப்டம்பர் மாதத் தொடக்க ஆட்டத்தில் கடேரியஸ் டோனியின் கையில் பட்டு எழும்பிய பந்தை டெட்ராய்ட் அணியின் பிரையன் பிராஞ்ச் பிடித்து, எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்க்கும் டச்டவுனுக்கே ஓடினார். அந்த ஆட்டம் 21க்கு 20 என்ற ஒரே புள்ளியில் கைவிட்டுப் போனது. நவம்பரில் பிலடெல்பியாவுக்கு எதிராக மார்க்கஸ் வால்டெஸ்-ஸ்கான்ட்லிங் தவறவிட்டதோ தொலைதூரத்திலிருந்து வளைந்து இறங்கிய பந்து. சீஃப்ஸ் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸின் கைவலுவைப் பழிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. பந்து கைக்கு வருமுன்பே அடுத்து ஓட வேண்டிய பாதையைப் பார்ப்பது, ஒரே ஆட்டத்தில் முன்னே ஒன்றைத் தவறவிட்ட பதற்றம் ஆகியவை எந்த வேகத்திலும் ஆளைக் கவிழ்க்கும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ‘தவறவிட்ட பந்து’ என்பது லீக்கின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரமே அன்று. தனியார் நிறுவனங்கள் காட்சிப்பதிவைப் பார்த்துத் தத்தம் தீர்ப்பின்படி எண்ணுகின்றன. ஒரே வீரருக்கு இரண்டு இடங்களில் இரண்டு எண்கள் இருக்கும். ஆகவே, இன்னார் வீச்சில் இத்தனை விழுக்காடு தவறுகிறது என்று யாராவது சொன்னால், எவருடைய எண்ணிக்கை என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

பனிக்கரையான்:

மூவருக்கும் நன்றி. பிந்தி விடப்பட்ட பந்து என்ற கோணம் எனக்கு முற்றிலும் புதிது. சென்ற வார ஆட்டத்தின் பதிவைத் திரும்பப் போட்டு, பந்து கையை விட்டுக் கிளம்பும் கணத்தில் ரிசீவரின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உண்மையிலேயே பல காட்சிகளில் முதுகுதான் தெரிகிறது.

ஒரு துணைக்கேள்வி. இங்கே டிசம்பர், சனவரி மாதங்களில் பேக்கர்ஸ் அணியின் லாம்போ மைதானத்தில் நிற்பதே பெரும்பாடு. அந்தக் குளிரில் வேகமான பந்தைப் பிடிப்பது இன்னும் கடினமாகுமா? கையுறை அதற்கு ஈடுகொடுக்குமா?

மைதானவாசி:

கடினமாகத்தான் ஆகும். ஆனால் பலர் நினைப்பதுபோல் காற்று கூடிப் பந்து கல்லாவதில்லை. விதிப்படி பந்துக்குள் சதுர அங்குலத்துக்கு 12.5 முதல் 13.5 பவுண்டு வரை அழுத்தம் இருக்க வேண்டும். குளிரில் அது குறையவே செய்யும். விறைப்பது மேலுள்ள மாட்டுத்தோல். அது வழுக்கலாகவும் ஆகிவிடும். கையும் மரத்துப்போவதால் விரல்கள் மூடுவது மந்தமாகிறது. முன்னே நண்பர் கணக்குப் போட்டுக் காட்டிய நூற்றில் ஒரு நொடிக்கு எதிராக இது பெரிய இழப்பு. வலியும் அப்போது கூடுதலாகத் தெரியும் என்பதால், பிடிப்பதற்கு முன்பே கையைப் பின்னுக்கு இழுக்கும் கூச்சம் சிலருக்கு வந்துவிடும்.

கையுறையைப் பொறுத்தவரை, பந்து கைக்குள் வந்த பிறகு நழுவாமல் காப்பதுதான் அதன் வேலை; மோதித் தெறிப்பதை அது தடுக்காது. ஒரு காலத்தில் ஸ்டிக்கம் என்ற பசையைக் கையில் அப்பிக்கொண்டு ஆடினார்கள். ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் ஃபிரெட் பிலெட்னிகாஃபும் லெஸ்டர் ஹேய்ஸும் அதற்குப் பேர்போனவர்கள். 1981இல் லீக் அதைத் தடைசெய்தது. இன்றைய கையுறையின் ஒட்டும் பரப்பும் ஈரமும் அழுக்கும் பட்டால் பிடிப்பை இழக்கும் என்பதால் ஆட்டத்தின் நடுவே துடைத்துக்கொண்டோ மாற்றிக்கொண்டோதான் இருக்க வேண்டும்.

குளிரைச் சாக்காகச் சொல்பவர்களுக்கு நான் காட்டுவது உங்கள் ஊரில் நடந்த ஆட்டத்தைத்தான். 2008 சனவரி 20 அன்று லாம்போவில் வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். பேக்கர்ஸ் சீருடையில் ஃபார்வ் ஆடிய கடைசி ஆட்டம் அது. எதிரணியான நியூயார்க் ஜயன்ட்ஸின் பிளாக்சிகோ பர்ரஸ் அந்தக் குளிரில் 11 பந்துகளைப் பிடித்து 151 யார்டு சேர்த்தார். பதிவு கிடைத்தால் ஜயன்ட்ஸ் குவாட்டர்பேக் ஈலை மேனிங் பந்தை விடும் நேரத்தையும், பர்ரஸ் உடலிலிருந்து எவ்வளவு தள்ளிக் கையை நீட்டுகிறார் என்பதையும் பாருங்கள்.