18ம் நாள் வரை உயிரோட்டம், 21ல் ஓட்டுக்குள்ளேயே சாவு: இன்குபேட்டரில் எதை மாற்றுவது?

தெர்மோகோல்பெட்டி

கோழி முட்டை பொரிக்க வீட்டில் செய்த இன்குபேட்டர் (அடைகாக்கும் பெட்டி). தெர்மோகோல் பெட்டி, 100 வாட் பல்பு ஒன்று, 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன், பல்பை ஏற்றி அணைக்க டபிள்யூ1209 தெர்மோஸ்டாட். செட்டிங் 37.7 டிகிரி. அடியில் அகலமான தண்ணீர்த் தட்டு, முதல் நாளிலிருந்தே ஈரப்பதம் 65 சதவீதம். கையால்தான் திருப்புகிறேன், காலை ஒரு முறை, இரவு ஒரு முறை.

18ம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் கரு நிறைந்து கறுப்பாக இருக்கிறது, அசைவும் தெரிகிறது. ஆனால் பாதிக்கு மேல் பொரிவதில்லை. பொரிப்பவையும் 22, 23ம் நாளில்தான் வருகின்றன, தொட்டால் பிசுபிசுவென்று இருக்கின்றன. ஈரப்பதத்தை இன்னும் ஏற்ற வேண்டுமா?

ஓடும்சவ்வும்

ஏற்றாதீங்க, இறக்குங்க.

பொரியாத முட்டையின் அகன்ற முனையை மெதுவாக உடைத்துப் பாருங்கள். காற்றறை (அந்த முனையில் இருக்கும் காற்று இடம்) சிறியதாக, குஞ்சு ஊறிப்போய், உள்ளே நீர் தேங்கியிருந்தால் முட்டை காயவே இல்லை என்று பொருள். அடை நாட்களில் ஓட்டின் நுண்துளைகள் வழியாக நீர் ஆவியாகி வெளியேற வேண்டும். அந்த இடத்தில்தான் காற்றறை பெரிதாகிறது. குஞ்சு அலகால் உள்சவ்வைக் குத்தி முதல் மூச்சு வாங்குவது அந்தக் காற்றில். அறை சின்னதாக இருந்தால் காற்று போதாது, திரும்பிப் படுத்து ஓட்டை உடைக்க இடமும் கிடைக்காது.

ஹைக்ரோமீட்டரைவிட (ஈரப்பதம் காட்டும் கருவி) தராசை நம்புங்கள். முட்டை 18ம் நாளுக்குள் ஆரம்ப எடையில் 11 முதல் 13 சதவீதம் இழக்க வேண்டும். பென்சிலால் எண் போட்டு (மார்க்கர் மை வேண்டாம்) முதல் நாளே எடை எழுதி வையுங்கள். 55 கிராம் முட்டை 7ம் நாள் 52.4, 14ம் நாள் 49.9, 18ம் நாள் 48.4 கிராம் அளவில் இருந்தால் சரி. எடை இதைவிடக் கூடுதலாக நின்றால் தண்ணீரைக் குறையுங்கள், வேகமாக இறங்கினால் கூட்டுங்கள். 18 நாள் வரை 45–50 சதவீதம் போதும்.

இன்னொன்று, தட்டில் தண்ணீரின் ஆழம் ஈரப்பதத்தை மாற்றாது, பரப்புதான் மாற்றும். குறைக்க வேண்டுமென்றால் சின்னக் கிண்ணத்துக்கு மாறுங்கள். அறை 30 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமுமாக இருந்தால், அதே காற்று 37.7க்குச் சூடாகும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்காமலே 45 சதவீதம் காட்டும். மழை நாட்களில் தட்டே வேண்டாம். அறை 20 டிகிரி, 50 சதவீதம் என்றால் அதே கணக்கு 18 சதவீதத்துக்கு இறங்கிவிடும், அப்போது தண்ணீர் கட்டாயம்.

ரிலேசத்தம்

ஈரப்பதம் பற்றி மேலே சொன்னது சரி. ஆனால் 22, 23ம் நாள் பொரிப்புக்கு அது மட்டும் காரணமில்லை. தாமதம் என்றாலே சராசரி வெப்பம் குறைவு என்று சந்தேகப்பட வேண்டும்.

டபிள்யூ1209ல் பி1 என்பது எவ்வளவு இறங்கியபின் மறுபடி ஆன் ஆக வேண்டும் என்ற அளவு. அது 2 டிகிரியில்தான் வருகிறது. மாற்றாமல் விட்டால் 37.7ல் அணைந்து 35.7ல்தான் எரியும். திரையில் 37.7 வரும்போது பார்த்துத் திருப்தியடைவோம், முட்டைக்குக் கிடைப்பதோ 36.7 சுற்றி! செட் பட்டனை ஐந்து நொடி அழுத்திப் பிடித்து, பி1க்குப் போய் 0.3 ஆக்குங்கள்.

100 வாட் பல்பு அணைந்த பிறகும் கண்ணாடியின் சூடு பெட்டியை ஏற்றும். அதை எடுத்துவிட்டு 40 வாட்டில் இரண்டை இணையாகப் போடுங்கள். ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது தாங்கும். சென்சார் முட்டையின் மேல்மட்ட உயரத்தில், பல்புக்கும் சுவருக்கும் தள்ளி, ஃபேன் காற்று நேராக அடிக்காத இடத்தில் தொங்க வேண்டும்.

சென்சாரைச் சோதிக்க டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டர் போதும். இரண்டின் முனையையும் ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டி, 38 டிகிரி அளவுள்ள வெந்நீரில் கலக்கிக்கொண்டே படியுங்கள். வித்தியாசம் இருந்தால் பி4ல் திருத்தலாம். ஹைக்ரோமீட்டருக்கு: பாட்டில் மூடியில் உப்பு, நனைகிற அளவு மட்டும் தண்ணீர் (கரையக் கூடாது), அந்த மூடியையும் ஹைக்ரோமீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் 12 மணி நேரம் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் 65 உண்மையில் 72 பக்கம்.

ஃபேன் இல்லாத பெட்டிக்கு இந்த 37.7 பொருந்தாது. அதில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 வைக்க வேண்டும்.

தெர்மோகோல்பெட்டி

உடைத்துப் பார்த்தேன். காற்றறை சின்னதுதான், நீரும் இருந்தது. ஒன்றில் தலை கூர்முனைப் பக்கம் இருந்தது. பி1ஐத் தொட்டதே இல்லை, 2ல்தான் இருக்கிறது. கடைசி மூன்று நாளில் ஈரப்பதம் ஏற காற்றுத் துளைகளை டேப் போட்டு மூடுகிறேன், அது சரியா?

ஓடும்சவ்வும்

அந்த டேப்பை முதலில் பிய்த்து எறியுங்கள். அதிக ஆக்சிஜன் தேவைப்படுவதே அந்த மூன்று நாளில்தான். ஈரப்பதத்தை 65–70க்கு ஏற்ற நனைத்த ஸ்பாஞ்சு வைத்துப் பரப்பைக் கூட்டுங்கள், துளைகள் எல்லாம் திறந்தே இருக்கட்டும். தண்ணீரை வெளியிலிருந்தே ஊற்ற ஒரு ட்யூப் விட்டுவிட்டால் மூடியைத் திறக்கும் வேலை இல்லை. குஞ்சு ஓட்டை போட்டபின் மூடியைத் திறந்தால் உள்சவ்வு காய்ந்து தோல்போல இறுகி அதைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டை போட்டு 24 மணி நேரம் வரை கை வைக்காதீர்கள். சவ்வின் ரத்தக்குழாய்கள் வற்றுவதும் மஞ்சள்கரு வயிற்றுக்குள் போவதும் அந்த நேரத்தில்தான் நடக்கிறது.

தலை கூர்முனையில் இருந்ததற்கு, முட்டை கூர்முனை மேலாக நின்றதும் திருப்புதல் குறைந்ததும் காரணமாகலாம். ஒரு நாளைக்கு மூன்று முறை திருப்புவது குறைந்தபட்சம், ஐந்து நல்லது. ஒற்றைப்படையாக இருந்தால் இரவின் நீண்ட நேரம் தினமும் ஒரே பக்கத்தில் விழாது. 18ம் நாள் திருப்புவதை நிறுத்தி, சொரசொரப்பான விரிப்பில் படுக்க வையுங்கள். வழவழப்பான காகிதத்தில் கால் அகன்றுவிடும்.

தெர்மோகோல்பெட்டி

சரிங்க. மின்சாரம் போனால்?

ரிலேசத்தம்

குளிர்ச்சியைக் கரு தாங்கும், சூட்டைத் தாங்காது. 35 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம் இருந்தால் வளர்ச்சி மந்தமாகும், பொரிப்பு தள்ளிப்போகும். 40.5 டிகிரி கால் மணி நேரம் நின்றாலே சேதம். ஆகவே பதறி வெந்நீர்ப் பாட்டிலை முட்டை மேல் வைக்க வேண்டாம். முதல் இரண்டு வாரத்தில் பெட்டியைப் போர்வையால் மூடிவிடுங்கள். 18க்குப் பிறகு குஞ்சுகளே சூட்டை வெளியிடும், ஃபேனும் நிற்கும், அதனால் போர்த்தினாலும் காற்றுத் துளையை அடைக்காதீர்கள். கரன்ட் வந்ததும் செட்டிங்கை ஏற்றி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், 37.7லேயே விடுங்கள். 18ம் நாளுக்கு முந்தைய முட்டை என்றால் இரண்டு மூன்று நாள் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள், அதற்குள் எதையும் செத்தது என்று எடுத்துப் போட வேண்டாம்.