வாஃபிள் ஐந்தே நிமிடத்தில் துவண்டுவிடுகிறது, ஸ்ட்ராபெரி சாஸும் சரியாக வரவில்லை: எங்கே தவறுகிறேன்?

கோவை அடுப்படி

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் வாஃபிள் செய்யத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது; நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஒரே இடத்தில்தான் தோற்றிருக்கிறேன். இயந்திரத்திலிருந்து எடுக்கும்போது நன்றாகச் சிவந்து, கரண்டியால் தட்டினால் ஓசை கேட்கும் அளவுக்கு மொறுமொறுப்பாக இருப்பது, பிள்ளைகள் வந்து உட்காருவதற்குள் ஆறிய ஊத்தப்பம் போலத் துவண்டுவிடுகிறது.

மைதா 250 கிராம், சர்க்கரை 100 கிராம், பேக்கிங் பவுடர் 2 தேக்கரண்டி, முட்டை 2, பால் 400 மி.லி., உருக்கிய வெண்ணெய் 50 கிராம் ஆகியவற்றுடன் ஒரு சிட்டிகை உப்பும் சேர்க்கிறேன். இயந்திரம் 700 வாட் திறன் கொண்ட சிறியது. ஒரு முறைக்கு இரண்டு வாஃபிள் வரும். பச்சை விளக்கு எரிந்ததும், அதாவது ஏறத்தாழ 4 நிமிடத்தில், எடுத்துவிடுகிறேன்.

சாஸுக்கு 250 கிராம் ஊட்டி ஸ்ட்ராபெரியை 100 கிராம் சர்க்கரையும் அரை டம்ளர் தண்ணீரும் சேர்த்து 20 நிமிடம் கொதிக்கவிட்டேன். நிறம் செங்கல்லைப் போல மங்கியதே தவிர, சாறு கெட்டிப்படவில்லை. அடுத்த முறை கொதிக்கும் சாற்றில் கார்ன்ஃப்ளாரைத் தூவினேன். கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. வாஃபிளும் சாஸும் ஒன்றையொன்று கெடுக்கின்றனவா, அல்லது இரண்டும் தனித்தனிக் கோளாறுகளா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தோசைக்கல்

விடை சொல்வதற்கு முன் இரண்டு கேள்விகள். எடுத்த வாஃபிளை எங்கே வைக்கிறீர்கள்? எடுக்கும் நேரத்தில் இயந்திரத்தின் ஓரத்திலிருந்து ஆவி வந்துகொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா?

கோவை அடுப்படி

சூடு ஆறக் கூடாது என்பதற்காக, சப்பாத்தி வைக்கும் ஹாட்பாக்ஸில் துணி விரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூடிவிடுகிறேன். ஆவியை நான் கவனித்ததே இல்லை.

தோசைக்கல்

அப்படியானால் பாதிக் குற்றவாளி அந்த ஹாட்பாக்ஸ்தான். சப்பாத்தி மெத்தென்று இருக்க வேண்டும் என்பதால் அதன் ஆவியை நாம் உள்ளேயே அடைத்து வைக்கிறோம். வாஃபிளுக்கு வேண்டியதோ நேர் எதிரானது. வெந்த வாஃபிளின் நடுவில் ஈரம் இன்னும் மிச்சம் இருக்கும். அது ஆவியாக வெளியேற வழியில்லாதபோது, மேல்தோலிலேயே நீராகப் படிந்து, நீங்கள் பாடுபட்டு வரவழைத்த மொறுமொறுப்பைக் கரைத்துவிடுகிறது. கம்பி வலைத் தட்டில், காற்று அடியிலும் புகும்படி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி வையுங்கள். பேக்கிங் அவன் (oven) இருந்தால் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில், அந்தக் கம்பித் தட்டோடே, மற்றவை வேகும் வரை வைத்திருக்கலாம்.

பச்சை விளக்கையும் நம்பாதீர்கள். பெரும்பாலான இயந்திரங்களில் அது தகடு குறித்த சூட்டை எட்டிவிட்டது என்று மட்டுமே சொல்லும். மாவு வெந்ததா என்பது அதற்குத் தெரியாது. மாவு ஊற்றி மூடியதும் ஓரங்களிலிருந்து ஆவி புகைபோல எழும். பிறகு நூல்போல மெலியும். கடைசியில் ஏறத்தாழ நின்றுவிடும். அதற்குப் பின் இன்னும் அரை நிமிடம் விட்டுத் திறங்கள். 700 வாட் இயந்திரத்தில் இதற்கு 6 அல்லது 7 நிமிடம்கூட ஆகலாம். இடையில் திறந்து பார்த்தால் வாஃபிள் இரண்டாகப் பிளந்து மேல்தகட்டில் ஒரு பாதி, கீழ்த்தகட்டில் ஒரு பாதி என்று ஒட்டிக்கொள்ளும்.

முன்னாள் பேக்கரிக்காரர்

மேலே சொன்னது முழுக்கச் சரி; ஆனால் உங்கள் மாவிலும் பிழை இருக்கிறது. 250 கிராம் மைதாவுக்கு 100 கிராம் சர்க்கரை மிகவும் அதிகம். சர்க்கரை மிகுந்த மாவு உள்ளே உலர்வதற்கு முன்பே வெளியே சிவந்துவிடுவதால், வெந்துவிட்டது என்று ஏமாந்து எடுத்துவிடுகிறீர்கள். போதாக்குறைக்கு, சர்க்கரை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணமுடையது. இனிப்பைச் சாஸ் பார்த்துக்கொள்ளட்டும்; மாவுக்கு 25 கிராம் போதும்.

வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர்தான். அதற்குப் பதிலாக மணமில்லாத எண்ணெய் 100 மி.லி. சேருங்கள். மணம் வேண்டுமென்றால் அதில் இரண்டு மேசைக்கரண்டியை மட்டும் நெய்யாக மாற்றிக்கொள்ளலாம். மைதாவில் 60 கிராமைக் குறைத்து அதே எடைக்குக் கார்ன்ஃப்ளார் சேர்த்தால் தோல் மெல்லியதாகவும் முறுகலாகவும் வரும். கடையில் வெறுமனே சோளமாவு என்று கேட்டு, தோசைக்கு ஊற்றும் வெள்ளைச்சோள மாவை வாங்கி வந்துவிடாதீர்கள்; அப்படி வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேக்கிங் பவுடரை 3 தேக்கரண்டியாக்குங்கள். முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்து, கடைசியில் மாவோடு மெதுவாக மடித்துக் கலந்தால் இன்னும் இலேசாக வரும். மாவைக் கட்டியே இல்லாமல் அடித்துத் தீர்க்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். அதிகம் அடித்தால் வாஃபிள் ரப்பர் போல இழுக்கும்.

ரவா தோசைப் பிரியர்

கார்ன்ஃப்ளாரைவிட அரிசி மாவும் ரவையும் நல்ல முறுகலைத் தரும் என்பது என் அனுபவம். நான் பாதிக்குப் பாதி போட்டுச் செய்கிறேன்.

முன்னாள் பேக்கரிக்காரர்

அரிசி மாவு இரண்டு மேசைக்கரண்டி என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். பாதிக்குப் பாதி போட்டால் கிடைப்பது நல்ல பலகாரமாக இருக்கலாம், ஆனால் உள்ளே மென்மை இருக்காது. ஆறினால் கடிக்கப் பல் வேண்டும். வெளியே முறுகலும் உள்ளே பஞ்சும் சேர்ந்திருப்பதுதான் வாஃபிள்.

பழக்கூடை

சாஸுக்கு வருகிறேன். ஸ்ட்ராபெரியே பெரும்பகுதி நீர்தான். அதில் நீங்கள் மேலும் தண்ணீர் ஊற்றி, அதை வற்றவைக்க 20 நிமிடம் கொதிக்கவிட்டிருக்கிறீர்கள். நிறம் மங்கியது அந்த நீண்ட கொதிப்பால்தான். பழத்தை நறுக்கி 50 கிராம் சர்க்கரை தூவி அரை மணி நேரம் மூடி வையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே கிண்ணத்தின் அடியில் மாதுளம்பழ நிறத்தில் சாறு ஊறி நிற்கும். சாறு முழுவதையும் பழத்தில் பாதியையும் எவர்சில்வர் பாத்திரத்தில் இட்டு, மத்தால் இலேசாக மசித்து, 5 நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஒரு தேக்கரண்டி கார்ன்ஃப்ளாரை ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரில் கரைத்து, கிளறிக்கொண்டே ஊற்றி, பால்வெண்மை மறைந்து பளபளப்பு வரும் வரை ஒரு நிமிடம் கொதித்ததும் இறக்கிவிடுங்கள். உலர்ந்த மாவைக் கொதிநீரில் தூவினால் வெளிப்புறம் உடனே கஞ்சியாகி, உள்ளே பச்சை மாவு சிக்கிக்கொள்ளும். நீங்கள் கண்ட கட்டி அதுதான். இறக்கிய பிறகு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் மீதிப் பாதிப் பச்சைப் பழமும் சேருங்கள்.

பச்சைப் பழத்தை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கர்களிடையே பெல்ஜிய வாஃபிள் பெரிதும் பெயர் பெற்றது 1964-இல் நியூயார்க்கில் தொடங்கிய உலகக் கண்காட்சியில், பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த மோரிஸ் வெர்மெர்ஷ் குடும்பத்தார் விற்றதால்தான். அங்கே வாஃபிளின்மேல் வைத்தது அடித்த கிரீமும் ஸ்ட்ராபெரியும் மட்டுமே. பழம் பழமாகவே தெரிய வேண்டும் என்பது என் கட்சி.

ஸ்ட்ராபெரி கிடைக்காத மாதங்களில் கம்பம் பன்னீர் திராட்சையை வேகவைத்து, விதையும் தோலும் போக வடிகட்டி இதே முறையில் செய்யலாம். மாம்பழம் என்றால் அடுப்பே வேண்டாம். அரைத்து எலுமிச்சை பிழிந்தால் போதும். எதுவானாலும் சாஸைக் கிண்ணத்தில் தனியாக வையுங்கள். வாஃபிளின் குழிகளில் முன்கூட்டியே ஊற்றி வைத்தால், இவர்கள் சொன்ன அத்தனை வைத்தியமும் வீண்.

கோவை அடுப்படி

இன்று காலை செய்து பார்த்தேன். முதல் ஈடு சற்று ஒட்டியது. இரண்டாவதிலிருந்து ஆவி நிற்கும் வரை காத்திருந்தேன், 6 நிமிடத்துக்கும் சற்றுக் கூடுதலாக ஆனது. பேக்கிங் அவன் இல்லாததால் முறுக்கு வடிய வைக்கும் கம்பித் தட்டில் பரப்பினேன். கால் மணி நேரம் கழித்து மகள் உடைத்தபோது ஓசை எனக்குச் சமையலறை வரை கேட்டது. சாஸும் கரண்டியின் பின்புறத்தில் படியும் பதத்தில், செக்கச்செவேல் என்று வந்தது. மாவு இரண்டு ஈடுக்கு மிச்சம் இருக்கிறது, நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா?

முன்னாள் பேக்கரிக்காரர்

தோசை மாவு போல வைக்க வேண்டாம். பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே வேலையைத் தொடங்கிவிடும். அடித்த வெள்ளைக்கருவும் இரவுக்குள் அடங்கிவிடும். இன்றே சுட்டு, முழுவதும் ஆறவிட்டு, உறையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். வேண்டும்போது எண்ணெய் தடவாத தோசைக்கல்லில் சிறு தீயில் இருபுறமும் சூடாக்கினால் போதும். மூடி மட்டும் போடாதீர்கள்.