ஜாவாவுக்குள் புரோலாக்: வைத்துக்கொள்வதா, தூக்குவதா?

கோப்புக்காரன்

ஓர் ஆவண மேலாண்மை மென்பொருளைப் பராமரிக்கிறேன். முழுக்க ஜாவா. யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம் என்று முடிவு செய்யும் பகுதிதான் அதில் தலைவலி: குழுவுக்குள் குழு, மேல் கோப்புறையின் உரிமை கீழே இறங்கும், நடுவில் "இவருக்கு மட்டும் கிடையாது" என்று விலக்குகள். ஜாவாவில் இது 11 கிளாஸ்களாகப் பரந்து கிடந்தது. தொடவே எல்லோருக்கும் பயம். ஆறு மாதம் முன்பு அதை ஸ்வி புரோலாக்கில் (விதிகளை எழுதினால் விடையைத் தானே தேடும் புரோலாக் மொழியின் ஒரு வடிவம்) நாற்பது வரியில் எழுதி, அதோடு கூடவே வரும் ஜேபிஎல் என்ற இணைப்பி வழியாக ஜாவாவில் இணைத்தேன். சாரம் இவ்வளவுதான் (:- என்றால் "எனில்", காற்புள்ளி "மேலும்", \+ "இல்லை"):

அனுமதி(_ஆள், _கோப்பு) :- உரிமை(_ஆள், _கோப்பு), \+ விலக்கு(_ஆள், _கோப்பு).
உரிமை(_ஆள், _கோப்பு) :- உள்ளவர்(_ஆள், _குழு), குழு_உரிமை(_குழு, _கோப்பு).

(தமிழில் பெரிய எழுத்து கிடையாதே, அதனால் மாறிகளுக்கு முன்னால் அடிக்கோடு. இங்கே காட்டத்தான் தமிழில் எழுதினேன், ஆனால் ஸ்வி இதை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.)

சோதனையில் எல்லாம் சரி. நேரடிப் பயன்பாட்டில் இரண்டு தொல்லை. ஒன்று, காலையில் நன்றாக ஓடும், மதியத்துக்குள் மொத்தமும் அப்படியே நின்றுவிடும். பிழைச் செய்தி இல்லை, லாக் அமைதி, சிபியூவும் சும்மா இருக்கும். மறுபடி தொடங்கினால் சரியாகிவிடும். இரண்டு, 2,000 கோப்புகள் உள்ள பட்டியல் பக்கம் வர ஒன்பது விநாடி ஆகிறது. குழுவில் பாதிப் பேர் "புரோலாக்கைத் தூக்கு" என்கிறார்கள். உங்கள் கருத்து?

நேர்கோடு

தூக்குங்கள். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

நீங்கள் 11 கிளாஸை நாற்பது வரியாகச் சுருக்கினீர்கள். பதிலுக்கு வாங்கியது என்ன? ஒரே பிராசஸுக்குள் குப்பை பொறுக்கும் இரண்டு நினைவக மேலாளர்கள். இரண்டு விதமான விதிவிலக்குகள். நடுவில் ஜேஎன்ஐ, அதாவது ஜாவா சி நிரலைக் கூப்பிடும் பாலம். அந்தப் பக்கம் சி நிரலில் ஒரு தவறான சுட்டி போதும், ஜாவாவின் எந்த டிரை-கேட்ச்சும் பிடிக்காமல் ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் மொத்தமும் விழும். இது போதாதென்று, அந்த நாற்பது வரியைப் படிக்கத் தெரிந்தவர் உங்கள் குழுவில் நீங்கள் ஒருவர் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

குழுவுக்குள் குழு என்பது வெறும் மறுசுழல் வினவல், அதாவது தன்னையே திரும்பக் கூப்பிடும் வினவல். டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல்லின் 1999ஆம் ஆண்டுத் தரத்திலேயே அது வந்துவிட்டது. தரவு ஏற்கெனவே டேட்டாபேஸில்தானே இருக்கிறது?

முன்னுதாரணம் வேண்டுமானால் கெரிட்டைப் பாருங்கள். நிரல் மதிப்பாய்வுக் கருவி, ஜாவாவில் எழுதியது. ஒரு மாற்றத்தை எப்போது சேர்க்கலாம் என்ற விதிகளைப் புரோலாக்கில் எழுத விட்டார்கள். எழுதப் பயனர்கள் திணறினார்கள். கடைசியில் அவர்களே அதைக் கைவிட வேண்டியது என்று அறிவித்து, எளிய நிபந்தனைகளுக்கு மாறினார்கள்.

பின்வாங்கி

கெரிட் கதை உண்மைதான், ஆனால் அது வேறு கதை. அங்கே விதி எழுத வேண்டியவர்கள் கருவியைப் பயன்படுத்துபவர்கள், அதாவது புரோலாக் தெரியாதவர்கள். இங்கே எழுதுவது பராமரிப்பவர். அந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஜாவாவுக்கும் புரோலாக்குக்கும் ஒட்டாது என்கிற ஆட்களுக்கு ஒரு தகவல்: ஜேவிஎம் விவரக்குறிப்பில் பைட்கோடு (தொகுத்த ஜாவா நிரல்) சரிபார்ப்பின் விதிகள் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கின்றன தெரியுமா? புரோலாக் விதிகளாக. பிரிவு 4.10.1, போய்ப் பாருங்கள். 2011இல் ஜெப்பர்டி வினாடி வினாவில் ஜெயித்த ஐபிஎம் வாட்சனிலும், பெரும்பகுதி ஜாவாவும் சி++உம் இருக்க, கேள்வியின் இலக்கண மரத்தில் வடிவங்களைத் தேடிப் பிடிக்கும் வேலையைப் புரோலாக்கிடம் கொடுத்தார்கள்.

எஸ்கியூஎல் ஒரு திசைக்கு ஒரு வினவல் கேட்கும். அதே அனுமதி/2 (இரண்டு இடங்கள் உள்ள அனுமதி) விதியிடம் "இந்த ஆள் எதையெல்லாம் திறக்கலாம்" என்றும் கேட்கலாம், "இந்தக் கோப்பை யாரெல்லாம் திறக்கலாம்" என்றும் கேட்கலாம். ஒரு எழுத்து மாற்ற வேண்டாம்.

நேர்கோடு

> ஜேவிஎம் விவரக்குறிப்பில்

விவரக்குறிப்பில் இருக்கிறது, ஓடும் நிரலில் இல்லை. பரவலாக ஓடும் ஜேவிஎம்மான ஹாட்ஸ்பாட்டின் சரிபார்ப்பி சி++. படித்துப் புரிந்துகொள்ளப் புரோலாக், ஓட்ட வேறொன்று. எனக்குச் சாதகமான உதாரணத்தையே தந்ததற்கு நன்றி.

> ஒரு எழுத்து மாற்ற வேண்டாம்

நிஜமாகவா? அந்த \+ வரியைப் பாருங்கள். புரோலாக்கில் இல்லை என்றால் "நிரூபிக்க முடியவில்லை" என்றுதான் பொருள். யாராவது ஒருவர் அழகு பார்க்க அந்த இரண்டு இலக்குகளையும் (காற்புள்ளிக்கு இரு பக்கமும் உள்ளவை) இடம் மாற்றிவிட்டால்? _கோப்பு இன்னும் காலியாக இருக்கும்போது "\+ விலக்கு" ஓடும். "இவருக்கு எந்தக் கோப்பிலாவது விலக்கு உண்டா?" என்று அது தேடும். ஒன்றே ஒன்று இருந்தால் போதும், மொத்த இலக்கும் தோற்று, அந்த மனிதருக்கு ஒரு கோப்புகூடத் தெரியாது. ஒரு கோப்பை மறுத்தது எல்லாக் கோப்புகளையும் மறுத்ததாகிவிடும். ஒரே கோப்பைக் கொடுத்து எழுதிய யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

பின்வாங்கி

அது நியாயமான குத்து. வரிசை முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும். ஆனால் ஜாவாவில் இஃப் இரண்டை இடம் மாற்றினாலும் இதே கதிதானே?

கோப்புக்காரன், இன்னொன்று: உள்ளவர்/2 மறுசுழலாக எழுதியிருப்பீர்கள். அ குழுவுக்குள் ஆ, ஆ குழுவுக்குள் அ என்று யாராவது போட்டுவிட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே ஒரு table அறிவிப்பு போட்டுவிடுங்கள், கண்ட விடைகளை நினைவில் வைக்கும் டேப்ளிங் அதைப் பார்த்துக்கொள்ளும்.



சாக்கெட்_சாமி

இருவரும் மொழியைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள். கோளாறு மொழியில் இல்லை, எல்லையில் இருக்கிறது.

புரோலாக்கை ஏன் ஜேவிஎம்முக்குள் உட்கார வைக்க வேண்டும்? தனி பிராசஸாக ஓட விடுங்கள். ஸ்வியில் எம்கியூஐ என்று ஒன்று இருக்கிறது. சாக்கெட்டில் இலக்கை அனுப்பினால் ஜெசானில் விடை வரும். பைத்தானுக்கு அதன் லைப்ரரி தயாராகவே இருக்கிறது, ஜாவாவுக்கு நாமே ஒரு சின்ன க்ளையண்ட் எழுதிக்கொள்ளலாம். அது செத்தாலும் ஜாவா சாகாது, எழுப்பிவிட்டால் போதும். நான் இப்படித்தான் ஓட்டுகிறேன்.

தனி பிராசஸ் வேண்டாம் என்றால் டியூபுரோலாக் இருக்கிறது, போலோனியா பல்கலைக்கழகத்தில் உருவானது. முழுக்க ஜாவாவிலேயே எழுதியது, அதனால் ஜேஎன்ஐ பயமே இல்லை. வேகத்தில் ஸ்வியோடு போட்டி போடாது, நாற்பது வரிக்கு அது பெரிய விஷயமும் இல்லை.

நேர்கோடு

சாமி, உங்கள் யோசனை ஒரு பிரச்சினையைத் தீர்த்து இன்னொன்றைப் பெரிதாக்குகிறது. தரவு எங்கே இருக்கிறது? டேட்டாபேஸில் ஒரு பிரதி, புரோலாக்கின் நினைவகத்தில் அசெர்ட் செய்த, அதாவது உண்மைகளாகச் சேர்த்த, இன்னொரு பிரதி. ஒருவரை வேலையிலிருந்து நீக்கி, டேட்டாபேஸில் உரிமையை எடுத்தாகிவிட்டது. புரோலாக்குக்குச் செய்தி போய்ச் சேரும் வரை அவர் கோப்பைத் திறந்துகொண்டே இருப்பார். இது மெதுவான பக்கம் போன்ற சின்னக் குறை இல்லை, பாதுகாப்பு ஓட்டை. இதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கோப்புக்காரன்

அதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும். உரிமை மாறும் ஒவ்வொரு இடத்திலும் பழையதை ரிட்ராக்ட் செய்து புதியதை அசெர்ட் செய்கிறேன், அது ஸ்வியின் டிரான்சாக்ஷனுக்குள் ஒரே மூச்சில் நடக்கிறது. பாதி மாறிய நிலையை வேறு த்ரெட் பார்க்காது. ஆனால் டேட்டாபேஸில் கமிட் ஆகி இங்கே அசெர்ட் ஆவதற்குள் ஜாவா விழுந்தால்? மறுபடி எழும்போது எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுகிறேன், அதனால் சரி. இரண்டு சர்வர் வைத்தால் சரி இல்லை. இப்போதைக்கு ஒன்றுதான். நேர்கோடு சொல்வது அங்கே செல்லும்.

முதலில் வேறு வழியில்தான் முயன்றேன்: உண்மைகளை அசெர்ட் செய்யாமல், புரோலாக் விதியிலிருந்தே ஜாவா மெத்தடைக் கூப்பிட்டு டேட்டாபேஸில் கேட்பது. அந்த மெத்தட் போகிற போக்கில் தணிக்கைப் பதிவிலும் ஒரு வரி எழுதும். ஒருவர் ஒரு கோப்பைத் திறந்தால் பதிவில் மூன்று வரி! புரோலாக் ஒரு வழியில் போய், தோற்று, பின்வாங்கி, அடுத்த வழியில் போகும்போது தன் மாறிகளை எல்லாம் பழையபடி ஆக்கிவிடும். ஜாவா எழுதிய வரியை அழிக்க அதற்குத் தெரியாது. அன்றிலிருந்து விதிகளுக்குள் ஜாவாவைக் கூப்பிடுவதே இல்லை.

புதுமுகம்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வினவலை எப்படி அனுப்புகிறீர்கள்? நான் பைத்தானில் இலக்கைச் சரமாக ஒட்டி அனுப்பினேன். பயனர் பெயரில் ஒற்றை மேற்கோள் குறி வந்ததும் எல்லாம் உடைந்துவிட்டது.

பின்வாங்கி

உடைந்ததோடு போயிற்றே என்று சந்தோஷப்படுங்கள். விஷயம் தெரிந்தவர் அந்த மேற்கோள் குறியை மூடிவிட்டுத் தன் சொந்த இலக்கைச் சேர்த்திருப்பார். எஸ்கியூஎல் ஊடுருவல் மாதிரியேதான். ஜேபிஎல்லில் கேள்விக்குறி வைத்து மதிப்புகளைத் தனியாகக் கொடுக்கலாம். எந்த இணைப்பியாக இருந்தாலும் சரத்தை ஒட்டாதீர்கள்.

கோப்புக்காரன், மதியத்துக்குள் எல்லாம் நின்றுவிடும் தொல்லைக்கு வருகிறேன். வினவலைத் திறந்து விடைகளை ஒவ்வொன்றாக எடுக்கிறீர்களா? பாதியில் லூப்பை விட்டு வெளியேறும் இடம் எங்காவது இருக்கிறதா?

கோப்புக்காரன்

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பிடித்துவிட்டேன், பின்வாங்கிக்கு நன்றி.

"இந்தக் கோப்பைத் திறக்க எந்தக் குழு வழியாக உரிமை வந்தது" என்று காட்டும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதில் ஹேஸ்-மோர்-சொல்யூஷன்ஸ் என்று கேட்டு, முதல் விடையை எடுத்துக்கொண்டு பிரேக். அவ்வளவுதான் தப்பு. விடைகள் தீரும் வரை சுற்றியிருந்தால் வினவல் தானாக மூடியிருக்கும். நான் பாதியில் எழுந்து போய்விட்டேன், அது "அடுத்த விடை வேண்டுமா?" என்று காத்துக்கொண்டே இருக்கிறது. திறந்த வினவல் ஒரு புரோலாக் எஞ்சினை (வினவலை ஓட்டும் அலகு) பிடித்துக்கொண்டிருக்கும். ஜேபிஎல்லின் தொகுப்பில் எஞ்சின்கள் அதிகபட்சம் 10. பத்து வெவ்வேறு த்ரெட்கள் ஆளுக்கு ஒரு முறை அந்தப் பெட்டியைத் திறந்தால் தீர்ந்தது. பதினோராவது த்ரெட் எஞ்சினுக்காகச் சத்தமில்லாமல் நிற்கும். லாக் ஏன் அமைதியாக இருந்தது, சிபியூ ஏன் சும்மா இருந்தது என்று இப்போது புரிகிறது. முதல் விடை மட்டும் போதும் என்றால் ஒன்-சொல்யூஷன் இருக்கிறது, அதுவே மூடிவிடும். மாற்றியாகிவிட்டது.

ஒன்பது விநாடியும் என் தப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் "அனுமதி உண்டா?" என்று 2,000 முறை எல்லை தாண்டிக்கொண்டிருந்தேன். ஜாவாப் பழக்கம்: கோப்பு ஓர் ஆப்ஜெக்ட், அதற்கு ஒரு மெத்தட், லூப்பில் கூப்பிடு. இப்போது கோப்பு இடத்தைக் காலியாக விட்டு, எல்லா விடைகளையும் பட்டியலாகத் தரும் ஃபைண்ட்ஆல் வைத்து ஒரே கேள்வி. பக்கம் அரை விநாடிக்குள் வருகிறது.

நேர்கோடு

வாழ்த்துகள். ஆனால் இதை யோசியுங்கள்: ஜாவாவில் எல்லோரும் எழுதுகிற ஒரு சாதாரண பிரேக், மதியத்துக்குள் மொத்த மென்பொருளையும் நிறுத்தியிருக்கிறது. காரணம் அந்த வரியைப் பார்த்தால் தெரியாது. நீங்கள் விடுப்பில் இருந்திருந்தால்?

சாக்கெட்_சாமி

தனி பிராசஸாக இருந்தால் ஒரு டைம்அவுட்டோடு போயிருக்கும். சொல்லிவிட்டுப் போகிறேன்.

பின்வாங்கி

டேட்டாபேஸ் கனெக்‌ஷனை மூடாமல் விட்டாலும் பூல் தீர்ந்து இதேபோல்தான் நிற்கும், நேர்கோடு. அதற்காக எஸ்கியூஎல்லைத் தூக்கச் சொல்வீர்களா?

நேர்கோடு

மாட்டேன். ஏனென்றால் அந்தத் தவறை எங்கள் குழுவில் புதிதாக வந்தவர்கூட அரை மணியில் கண்டுபிடிப்பார்.

கோப்புக்காரன்

நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்குப் பதில்: நாற்பது வரியைப் படிக்கத் தெரிந்தவர்கள் இப்போது இரண்டு பேர். இரண்டாமவர் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. \+ வரிசை பற்றி நீங்கள் எழுதியதைக் காட்டினேன். உட்கார்ந்து, விலக்கு உள்ள ஓர் ஆளுக்குக் கோப்பைக் காலியாக விட்டு ஒரு சோதனை எழுதினார். பிறகு வேண்டுமென்றே இலக்குகளை இடம் மாற்றி ஓட்டினார். சிவப்பு. திரும்ப மாற்றினார், பச்சை. வினவலைத் திறக்கிற இடத்தையெல்லாம் ஒரே கிளாஸுக்குள் ஒளித்து, டிரை-ஃபைனலியில் மூட வைக்கும் வேலையையும் அவரிடமே கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது சர்வர் அடுத்த காலாண்டில் வருகிறது என்று இன்று காலைதான் சொன்னார்கள். சாமி, எம்கியூஐக்கு ஜாவா க்ளையண்ட் எழுதியதாகச் சொன்னீர்களே, பகிர முடியுமா?

சாக்கெட்_சாமி

எழுதலாம் என்றுதான் சொன்னேன். நான் ஓட்டுவது பைத்தானில்.