ஜென்கின்ஸ் மட்டும் கிட்ஹப்பை எட்ட மறுக்கிறது, என் லாகினில் சரியாக ஓடுகிறது

கேள்வி (கிருஷ்ணகிரி):
வணக்கம். மாங்கூழ் ஆலைகளுக்கு எடைமேடை பில் போடும் மென்பொருள் செய்கிறோம். கிட்ஹப் தளத்தில் வைத்திருக்கும் எங்கள் புரோகிராமை எடுத்து, ஜென்கின்ஸ் என்ற டூலால் தானாக பில்ட் செய்யும் (ஓடும் மென்பொருளாக்கும்) சர்வர் என்பது ஆபீஸ் மூலையில் நிற்கும் பழைய உபுண்டு (லினக்ஸ்) மெஷின். போன வாரம் இடிமழையில் அதன் டிஸ்க் போய்விட்டது. புது டிஸ்க்கில் உபுண்டுவும் ஜென்கின்ஸும் ஏற்றி, பென்டிரைவில் வைத்திருந்த 2022 பேக்கப்பிலிருந்து எஸ்எஸ்எச் ஃபோல்டரை (வேறு சர்வரோடு பாதுகாப்பாக இணைவதற்கான கீகள் இருப்பது) ஜென்கின்ஸ் ஹோமில் போட்டேன். ஓனரையும் ஜென்கின்ஸ் என்றே மாற்றினேன்.

இப்போது எந்த ஜாபும் முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. லாக்கில் ‘ரிமோட் ஹோஸ்ட் ஐடென்டிஃபிகேஷன் ஹேஸ் சேஞ்ச்ட்’ (எதிர்முனை சர்வரின் அடையாளம் மாறிவிட்டது), கடைசி வரியில் ‘ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்’ (அடையாளச் சோதனை தோல்வி). அதே மெஷினில் என் லாகினில் புரோகிராமை குளோன் செய்தால் மறுபேச்சில்லாமல் இறங்குகிறது.

பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்கிவிட்டது. கழிவு எடையில் ஒரு கணக்குப் பிழை. விவசாயிக்குப் போகவேண்டிய பணம் குறைகிறது. திருத்தம் தயார், அனுப்ப வழியில்லை. உதவுங்கள்.

பதில் (ஓசூர்):
ஜென்கின்ஸ் செக்யூரிட்டி பக்கத்தில் கிட் ஹோஸ்ட் கீ செட்டிங் இருக்கும். ‘நோ வெரிஃபிகேஷன்’ வைத்துவிடுங்கள், ஓடிவிடும்.

பதில் (தருமபுரி):
தம்பி, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எதிரில் பேசுவது கிட்ஹப்தானா என்று பார்க்கும் ஒரே இடம் அது. அதை அணைத்தால், நடுவில் யார் உட்கார்ந்து எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் உங்கள் சர்வர் வாங்கி பில்ட் செய்து ஆலைக்கு அனுப்பிவிடும்.

லாக்கில் ஆர்எஸ்ஏ கீ (ஒரு கீ வகை) என்று இருக்கிறதா பாருங்கள். கிட்ஹப் தன்னை அடையாளம் காட்டும் ஆர்எஸ்ஏ பிரைவேட் (ரகசிய) கீ, எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பொது ரெப்போவில் (புரோகிராம் கிடங்கில்) சிறிது நேரம் வெளியே தெரிந்துவிட்டதால், 2023 மார்ச் 24 அன்று அதை மாற்றினார்கள். உங்கள் பேக்கப் அதற்கு முந்தையது. தெரிந்த சர்வர்களின் கீகளைக் குறித்துவைக்கும் நோன் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் பழைய வரி அப்படியே இருக்கும். அன்று மாறியது ஆர்எஸ்ஏ மட்டும்தான். உங்கள் லாகின் புதியது, கிட்ஹப்பின் இன்னொரு வகைக் கீயான எட்25519-ஐ வாங்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் அங்கே சிக்கல் இல்லை.

சூடோவில் ஜென்கின்ஸ் யூசராக மாறி, எஸ்எஸ்எச்-கீஜென் கமாண்டில் பெரிய ஆர் ஆப்ஷன் (-R) கொடுத்து கிட்ஹப் வரியை நீக்குங்கள். ரூட்டாக (மெஷினின் அட்மினாக) செய்தால் ஃபைல் ரூட் பெயருக்குப் போய்விடும், அது தனித் தலைவலி. அப்புறம் அதே யூசராக ஒருமுறை இணையுங்கள். திரையில் வரும் ஃபிங்கர்பிரின்ட்டை (கீயின் சுருக்க அடையாளம்) கிட்ஹப் உதவிப் பக்கத்தில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்ட பிறகே ‘யெஸ்’ அடியுங்கள்.

கேட்டவர்:
ஆர்எஸ்ஏ என்றே இருந்தது அண்ணா! வரியை நீக்கினேன், ஃபிங்கர்பிரின்ட் பொருந்தியது. ஆனால் இப்போது ‘பர்மிஷன் டினைட், பப்ளிக் கீ’ என்கிறது. அதற்கு மேலே கீ ஃபைலின் பர்மிஷன் 0755 ‘டூ ஓப்பன்’ என்று ஒரு வரி.

பதில் (தருமபுரி):
பென்டிரைவ் ஃபேட் ஃபார்மட்டாக இருக்கும். அது லினக்ஸ் பர்மிஷனை வைத்துக்கொள்ளாது. எல்லோரும் படிக்கக்கூடிய பிரைவேட் கீயை எஸ்எஸ்எச் தொடாது. ஓனர் மட்டும் திறக்கும்படி, கீ ஃபைலுக்கு 600, ஃபோல்டருக்கு 700 பர்மிஷன் கொடுங்கள். ஓடியதும் இன்றைக்கே புதுக் கீ உருவாக்கி, பழையதை கிட்ஹப்பில் நீக்கிவிடுங்கள். பென்டிரைவில் இத்தனை நாள் திறந்து கிடந்த கீ அது.

கேட்டவர்:
ஓடிவிட்டது அண்ணா. பத்து நிமிடத்தில் பில்ட் முடிந்து ஆலைக்கும் போய்விட்டது. புதுக் கீயும் போட்டாயிற்று. முந்தைய பில்களின் வித்தியாசத்தைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறோம்.