புதுப்பிப்பு: 499 ரூபாய் பென் டிரைவ் என்ன ஆனது?

கைப்பேசியில் வந்த விளம்பரத்தை நம்பி அப்பா 499 ரூபாய்க்கு ‘2 டிபி’ (சுமார் 2,000 ஜிபி) பென் டிரைவ் வாங்கியதையும், அதில் ஏற்றிய தங்கையின் கல்யாணப் படங்களில் பாதி திறக்காததையும் போன வாரம் எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

பழைய வண்ணாரப்பேட்டையில் பழுதுபார்க்கும் தம்பி ஒருவர் உலோக உறையை நகத்தாலேயே நெம்பித் திறந்தார். உள்ளே பசை போட்டு ஒட்டிய ஒரு சின்ன மெமரி கார்டு. உண்மையான கொள்ளளவு 32 ஜிபி. கணினியிடம் 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதை இயக்கும் உள்மென்பொருளைத் திருத்தியிருக்கிறார்கள். இடம் நிரம்பிய பிறகு புதிய படங்கள் பழையவற்றை அழித்துக்கொண்டே பதிகின்றன. கோப்பின் பெயர் மட்டும் மிஞ்சுகிறது. நல்லவேளை, புகைப்படக்காரரிடம் மூலப் பிரதி இருந்தது.

1930 சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பணம் இன்னும் வரவில்லை. விளம்பரத்தைப் பற்றி அது வந்த தளத்திடமும் புகார் செய்தேன், ‘விதிமீறல் இல்லை’ என்று பதில் வந்தது. அதே விளம்பரப் படம் வேறொரு கடைப் பெயரில் நேற்றிரவு அப்பாவின் திரையில் மறுபடியும் வந்து நின்றது. விளம்பரக் காசு வாங்குகிறவர்களுக்கு இதில் பொறுப்பே கிடையாதா? எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. அப்பா ஏமாளி அல்ல. காசிமேட்டில் செவுளைத் திறந்து பார்க்காமல் ஒரு மீன் வாங்க மாட்டார்.

நாளை 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசப்போகிறேன்.