'விலக்கம்' வேண்டாம், 'ஒதுங்கல்' சரிப்படுமா?

வணக்கம்.

மேசைமேல் கோலால் பந்தை இடித்து ஆடும் பூல் ஆட்டத்தின் சொற்பட்டியலில் 'டிஃப்ளெக்‌ஷன்' என்பதற்கு (பக்கத்தில் இடித்த பந்து குறி வைத்த கோட்டை விட்டுப் போவது) 'விலக்கம்' என்று போட்டிருக்கிறீர்கள். அது திட்ட விலக்கமாகப் புள்ளியியலில் குடியேறி நாளாகிறது. தவிர, மேசையில் என்ன நடக்கிறது என்பதை அது காட்டவும் இல்லை.

கோத்தகிரியில் நாங்கள் ஆடும் அறையில் போன வாரம் அடித்துப் பார்த்தேன். வெள்ளைப் பந்தை நடுவில் இடித்தால் குறி வைத்த கோட்டிலேயே போகிறது. அரை விரல் இடப்பக்கம் தள்ளி இடித்தால் கோட்டை விட்டு வலப்பக்கம் போகிறது. மேசையின் அந்தக் கடைசியில், முனை தடித்த என் பழைய மேப்பிள் கோலில் நாலு விரல் வித்தியாசம். நண்பரின் கார்பன் இழைக் கோலில் இரண்டு விரல்கூட இல்லை.

கோலின் நுனியில் ஒட்டிய தோல்முனை பந்தைத் தொட்டிருப்பது ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு வினாடி. அதற்குள் பந்து சுழலத் தொடங்கி முனையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. முனை லேசாக இருந்தால் அது வழிவிடும். கனமாக இருந்தால் பந்துதான் வழிவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் லாரி வந்தால் பைக்தானே ஒதுங்கும்? அதனால்தான் 'ஒதுங்கல்' என்கிறேன்.

நேரம் அவ்வளவு குறைவு என்பதால், முனையிலிருந்து ஏறத்தாழ ஒரு சாண் நீளத்தின் எடைதான் கணக்கு. பிடியில் கருங்காலியும் முத்துச்சிப்பியும் இழைத்து வாங்கினாலும் ஒதுங்கல் இம்மியும் குறையாது. எங்கள் பனிமூட்டத்தில் மரக்கோல் வளைந்துபோவது வேறு வழக்கு. மேசைமேல் உருட்டினால் முனை ஆடும். அதற்குக் 'கோணல்' போதும்.

இன்னொன்று. தோலுக்குக் கீழே வரும் ஃபெருலுக்கு 'வளையம்' எதற்கு? உலக்கைக்குப் போடுகிறோமே, பூண், அதேதான். ஸ்நூக்கர் கோலில் பித்தளைப் பூணே உண்டு. 1880களில் ஸ்நூக்கர் விதிகளை எழுதி மாட்டிய ஊட்டி கிளப் இங்கிருந்து ஒரு மணி நேரம்தான். சொல்லுக்காவது நாம் சொந்தம் கொண்டாடுவோம்.

* * *

பதில்:

பூணைப் பட்டியலில் ஏற்றியாச்சு. 'ஒதுங்கல்' மட்டும் இடிக்கிறது. எங்கள் ஊரில் 'ஒதுங்கிட்டு வர்றேன்' என்றால் செம்பைத் தேடுவார்கள்.

* * *

பதிலுக்குப் பதில்:

மழைக்கும்தான் ஒதுங்குகிறோம்! சரி, 'பந்தொதுங்கல்' என்று வைத்துக்கொள்ளலாம். யார் ஒதுங்குவது என்பதும் தெளிவாகிவிடும். லேசான முனைக்கோல் 'ஒதுங்கல் குறைந்த கோல்'. அப்புறம், தோல்முனையில் தேய்க்கும் சாக்பீஸை விட்டுவிடுங்கள், அது சாக்பீஸாகவே இருக்கட்டும்.