‘ஆய்வாளர் ஆய்வகத்தை ஆய்வு செய்தார்’: இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு சொல் தேவை

செல்வி:
அனைவருக்கும் வணக்கம். ஈரானின் பார்ச்சின் ராணுவத் தளம் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இப்போது இப்படி நிற்கிறது: ‘அணு ஆயுத ஆய்வு நடந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட இடத்தை ஆய்வு செய்ய சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் 2012இல் அனுமதி கேட்டனர், பின்னர் எடுத்த மாதிரிகள் ஆய்வகத்தில் ஆய்வு செய்யப்பட்டன.’ படிக்கிறவர் அடிக்க வருவார். ஆராய்ச்சி, பகுப்பாய்வு என்று போட்டு இரண்டைச் சமாளித்துவிடலாம். இன்ஸ்பெக்‌ஷனுக்குத்தான் சொல் வேண்டும். ‘சோதனை’ சொல்லாதீர்கள், ‘அணுச் சோதனை’ என்றால் குண்டு வெடித்ததாக ஆகிவிடும்.

இளமாறன்:
அம்மா, குறளிலேயே இருக்கிறதே. 59ஆம் அதிகாரம், ஒற்றாடல், அதாவது உளவு. ‘ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்.’ ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார் என்கிறார். ஒரு மாதிரியை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பி ஒத்துப்பார்க்கிறார்களே, அதேதான் இது. சுவரில் பருத்தித் துணியை ஒற்றித்தானே தூசி எடுக்கிறார்கள்? ஒற்று, ஒற்றடம், நிலத்தை ஒற்றிக்கு வைப்பது, மெய்யெழுத்துக்கு ஒற்று என்ற பெயர், எல்லாம் ஒரே வேர் என்பது என் எண்ணம். ‘ஒற்றாய்வு’, ‘ஒற்றாய்வர்’ என்பது என் பரிந்துரை. மெய்யெழுத்துக்கு ஏன் அப்பெயர் என்று தனி மடலில் எழுதுகிறேன்.

கணேசன்:
தனி மடலிலேயே எழுதுங்கள் ஐயா. வியன்னாவில் இருக்கும் அந்த முகமையின் ஆட்களை உளவாளிகள் என்று ஈரான் பலமுறை சாடியிருக்கிறது. நாமும் ‘ஒற்று’ என்று பெயர் வைத்தால் ஒரு தரப்பின் குற்றச்சாட்டைக் கலைச்சொல் ஆக்கியதாகிவிடும். துணியில் எடுக்கும் தூசிக்கு ‘ஒற்று மாதிரி’ பொருத்தம், அதை வைத்துக்கொள்ளலாம். அந்தத் தூசி லேசுப்பட்டதல்ல. 2003இல் ஈரானின் கலாயே மின் நிறுவனக் கட்டடத்தைப் புதுப்பித்த பிறகுதான் மாதிரி எடுக்கவே விட்டார்கள்; அப்படியும் செறிவூட்டிய யுரேனியத் துகள் சிக்கியது.

யோகன் (யாழ்ப்பாணம்):
எங்கட பக்கம் இதில குழப்பமே இல்லை. பொலிஸ் பரிசோதகர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ‘அணுப் பரிசோதகர்’ என்று எழுதுங்கோ.

செல்வி:
யோகன் அண்ணா, இங்கே பரிசோதனை என்றால் ரத்தப் பரிசோதனைதான் நினைவுக்கு வரும். ‘தணிக்கை’ எப்படி?

இளமாறன்:
பரிசோதகர் வடமொழி. தணிக்கை உருது வழி வந்தது. தமிழில் சொல்லுக்கா பஞ்சம்?

யோகன்:
ஐயா, ‘ஒற்றாய்வர்’ என்று எழுதினால் எங்கட ஆக்கள் எழுத்துப் பிழை திருத்துறவர் என்று நினைப்பினம்.

கணேசன்:
தணிக்கை பாதிக்குப் பாதி சரி. யுரேனியம் செறிவூட்டும் நத்தான்ஸ் போன்ற, முகமையிடம் அறிவிக்கப்பட்ட நிலையத்தில் அது செய்துவந்தது அடிப்படையில் கணக்குப் பார்ப்பதுதான்: ஏட்டில் இத்தனை கிலோ, உருளையில் இத்தனை கிலோ. பார்ச்சினில் ஏடே கிடையாது. அங்கே வெடிபொருள் சோதனைக்கான பெரிய உலோகக் கலம் இருந்ததாகத்தான் சந்தேகம். முகமை கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் கட்டடங்கள் இடிபட்டதும் மண் அள்ளப்பட்டதும் செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தது. 2015 செப்டம்பரில் மாதிரியை ஈரானியர்களே எடுத்தார்கள், முகமையின் கண்காணிப்பில். அது செல்லுமா என்று பெரிய சண்டை. அம்மாதம் 20ஆம் தேதி முகமையின் அப்போதைய தலைவர் அமானோ நேரில் போனபோது கட்டடம் காலி. அதை இன்ஸ்பெக்‌ஷன் என்றே சொல்ல முடியாது, வருகை என்றுதான் சொல்லலாம். ஆக ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்.

செல்வி:
ஒன்று கேட்டால் இரண்டா! சரி, இப்படிச் செய்கிறேன்: பொதுவாகத் ‘தணிக்கை’, ‘தணிக்கையர்’, அமானோ போனது ‘நேரில் பார்வையிடல்’, தூசிக்கு இளமாறன் ஐயாவின் ‘ஒற்று மாதிரி’. முகமையின் 2015 டிசம்பர் அறிக்கையில் வரும் ‘மனிதரால் வேதிமாற்றம் பெற்ற இயற்கை யுரேனியத் துகள்’ என்பதை அப்படியே விட்டுவிட்டேன், அதற்குச் சொல் கேட்க எனக்குத் தெம்பில்லை.

யோகன்:
தணிக்கையர் என்றால் எங்களுக்குப் படம் வெட்டுறவை. பரவாயில்லை, விளங்கும்.

இளமாறன்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒற்றாய்வுக்கு இன்னும் மூன்று சங்கச் சான்றுகள் இருக்கின்றன, நாளை அனுப்புகிறேன்.